இசக்கியின் தலைமேல் சத்தியம்

இதை எனக்கு முதன்முதலில் சொன்னது ஞானப்பூ, பல்கலைக்கழகத்துப் பெண்பிள்ளைகள் விடுதியில் காய் நறுக்குகிற ஞானப்பூ. போன குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்து, கையில் ஓலையோடு கோயில் வாசலில் பஸ்ஸுக்கு நிற்கையில் சொன்னாள். பஸ் வந்தது, போனது, நாங்கள் ஏறவில்லை. அவள் சொன்னபடியே சொல்கிறேன். என் வாயிலிருந்து ஏதாவது கூடச் சேர்ந்திருந்தால் ஆண்டவர் பொறுத்துக்கொள்ளட்டும்.

தேரிக்காட்டின் நடுவில் இருக்கிறது அந்தப் பல்கலைக்கழகம். ஆடி மாதம் பிறந்தால் செம்மணல் பறந்து வந்து சோற்றில் விழும், புத்தகத்தில் விழும், காயப்போட்ட துணியில் விழும், பிள்ளைகள் அதை உதறிவிட்டுப் படித்துக்கொண்டே இருப்பார்கள். அங்கே மாணவர் தேர்தல் என்று ஒன்று நடந்ததைப் பார்த்தவர்களெல்லாம் கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே மருத்துவ அறை என்றும் ஒன்று உண்டு. கதவில் சிவப்புச் சிலுவை போட்டிருக்கும், கதவைத் திறந்தால் கால் ஒடிந்த நாற்காலிகள் அடுக்கியிருக்கும். வாட்ச்மேனின் மேசை இழுப்பறையில் ஒரு வெள்ளை மாத்திரை இருக்கும், தலைவலிக்கும் அதுதான், வயிற்றுவலிக்கும் அதுதான், வீட்டு நினைப்பில் அழுகிற பிள்ளைக்கும் அதுதான்.

ஒரு மத்தியானம் முத்துமாரி என்ற பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டது. வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள், கேட்கவில்லை. பல்கலைக்கழகத்துக் கார் யாரோ விருந்தாளியைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப்போயிருந்தது. கடைசியில் மெஸ்ஸுக்குக் காய்கறி கொண்டுவந்த வேனில், கோஸ் மூட்டைகளுக்கு நடுவே படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். ஞானப்பூ காலைப் பிடித்துக்கொண்டாள், முத்துமாரியோடு ஒரே அறையில் இருந்த இசக்கி தலையை மடியில் வைத்துக்கொண்டாள். பெரிய ரோடு திரும்புகிற இடத்தில் முத்துமாரி முனகுவதை நிறுத்தினாள். வலி நின்றுவிட்டது என்று இசக்கி சந்தோஷப்பட்டாள். ஞானப்பூதான் முத்துமாரியின் முகத்தைப் பார்த்துவிட்டு வேனை நிறுத்தச் சொன்னாள்.

இசக்கி, பீடி சுற்றும் செல்லத்தாயின் ஒரே மகள். தகப்பன் இல்லை. செல்லத்தாய் இருமி இருமிச் சுற்றிய பீடியில் படித்து வந்த பிள்ளை. முத்துமாரியைப் புதைத்துவிட்டு வந்த மறுநாள் காலையில் நிர்வாகக் கட்டடத்தின் படியில் போய் உட்கார்ந்தாள். ஒரு டாக்டர் வேண்டும், ஒரு வண்டி வேண்டும், அதைக் கேட்க எங்களுக்கு ஒரு சங்கம் வேண்டும், சங்கத்துக்குத் தேர்தல் வேண்டும் என்றாள். முதலில் சிரித்தார்கள், பிறகு திட்டினார்கள், பிறகு வகுப்பைவிட்டு நிறுத்தினார்கள், பிறகு அவளோடு இன்னொருத்தி வந்து உட்கார்ந்தாள், அவளோடு இன்னொருத்தி, அப்புறம் பையன்கள், மழை வந்தும் எழுந்திருக்கவில்லை, பரீட்சை வந்தும் எழுந்திருக்கவில்லை. ‘வேண்டும் வேண்டும், தேர்தல் வேண்டும்’ என்று பறையடித்துக் கொடி பிடித்துப் போட்ட சத்தம் தேரிக்காட்டைத் தாண்டி ரோட்டில் போகிற பஸ்ஸுக்குக் கேட்டது. கடைசியில் துணைவேந்தர் தேர்தலுக்கு நாள் குறித்தார். தலைவர் பதவிக்கு இசக்கி நின்றாள். எதிரே சட்டம் படிக்கும் அருள்துரை நின்றான். வசதியான வீட்டுப் பிள்ளை, நாக்கில் தேன் தடவிப் பேசுவான்.

அருள்துரை பிரியாணி போட்டான். பையன்களின் போனுக்கெல்லாம் காசு ஏற்றிவிட்டான். இசக்கியிடம் நோட்டீஸ் அடிக்கக்கூடக் காசில்லை. அதனால் அவள் நம் ஊர் வழக்கத்தைக் கையில் எடுத்தாள். நமக்குத்தான் தெரியுமே, வெறும் வாய்ப்பேச்சு பேச்சில்லை, தலையில் கை வைத்துச் சொன்னால்தான் சத்தியம். மீறினால் கேடு சொன்னவனுக்கில்லை, அந்தத் தலைக்குத்தான். பெற்ற பிள்ளை தலையில் கை வைக்கச் சொன்னால் எப்பேர்ப்பட்ட பொய்யனும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வான். இசக்கி அறை அறையாகப் போய்த் தன் தலையைக் குனிந்து காட்டினாள்.

“நாளைக்கு நான் வேட்புமனு கொடுக்கப் போறேன். ஊர்வலத்துக்கு வாரேன்னு என் தலையில கை வச்சுச் சொல்லு, போதும்.”

முதலில் கை வைத்தது அவள் சிநேகிதி பெனிட்டா. அன்றைக்கு அவளுக்குத் தீட்டு வலி. மாதாமாதம் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடக்கிற பிள்ளை. கிடந்தபடியே கையை நீட்டி வைத்து, “வாரேன்ட்டி, சத்தியமா வாரேன்” என்றாள். சொன்னதும் வலி நின்றது. இசக்கி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு கவிழ்த்துப்போட்டிருந்த வாளிமேல் உட்கார்ந்தாள்.

“ஏட்டி, போயிட்டு!” என்றாள் பெனிட்டா.

“தெரியுது. இங்க வந்திட்டு” என்றாள் இசக்கி.

விடுதிப் பிள்ளைகள் இதற்கு வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. பல்வலிக்காரி வந்தாள், ஒற்றைத் தலைவலிக்காரி வந்தாள், படியில் விழுந்து முட்டி பெயர்ந்தவள் நொண்டி வந்தாள். எல்லோரும் ஊர்வலத்துக்கு வருவதாகச் சத்தியம் செய்தார்கள், எல்லோரும் சுகமாகப் போய்ப் படுத்தார்கள். மறுநாள் பாதிப் பேர் வந்தார்கள், பாதிப் பேர் நல்ல தூக்கத்தில் இருந்தார்கள். இசக்கி மனுவை நீட்டி, தேர்தல் அதிகாரி வாங்கிய நிமிஷத்தில், வந்தவளுக்கும் வலி வந்தது, வராமல் தூங்கினவளுக்கும் வலி வந்தது. இசக்கி மட்டும் நிமிர்ந்து நின்றாள்.

“சொன்ன வேலை முடிஞ்சுது, சாமான் வீட்டுக்கு வந்திட்டு” என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள் பல்வலிக்காரி. “அடுத்து என்னட்டி சத்தியம் வேணும் உனக்கு?”

“ஓட்டு” என்றாள் இசக்கி.

அன்றிலிருந்து மெஸ்ஸுக்கு எதிரே நிற்கிற புங்கமரத்தடியில் அவள் உட்கார்ந்தாள், அவள் தலையில் கைகள் வந்து இறங்கின. பந்து விளையாடிக் கணுக்கால் திருகினவன் கை, கண்ணெரிய எரியப் படித்தவள் கை, மூக்கடைப்பு, முதுகுப் பிடிப்பு, காதில் சீழ், காதலித்தவள் வேறொருவனைக் கட்டிக்கொண்டதால் நெஞ்சு வலிக்கிறது என்று வந்தவன் கை. அதையும் வாங்கிக்கொண்டாள், அதுதான் எல்லாவற்றிலும் சல்லிசு என்று சிரித்தாள். “உனக்குத்தான் என் ஓட்டு, சத்தியம்” என்று ஒவ்வொருவரும் சொல்ல, ஒவ்வொன்றும் அவளுக்குள் போய் அதனதன் இடத்தில் உட்கார்ந்தது. வார்டன் கனகவல்லி மேடம் கூட்டத்தை ஒழுங்குபண்ணக் கயிறு கட்டினார், காலையில் பெண்பிள்ளைகள், மாலையில் பையன்கள் என்று நேரம் பிரித்துக் கொடுத்தார். மெஸ்ஸில் யாரும் ரசம் சோறு கேட்பதில்லை, கஞ்சி கேட்பதில்லை. வெள்ளை மாத்திரைக்கு ஆளில்லாமல் வாட்ச்மேன் இழுப்பறையில் எலி குட்டி போட்டது. இசக்கியின் உச்சந்தலையில் மட்டும், நடந்து நடந்து புல் சாகிற பாதை மாதிரி, முடி தேய்ந்து தோல் தெரிந்தது.

ஒருநாள் அருள்துரையே வந்தான். முகம் வெளுத்திருந்தது. சிறுநீரகத்தில் கல்.

“இசக்கி, நான் உனக்கு எதிரா நிக்கவன்.”

“தெரியும்ணே. குனியவா?”

“எனக்கே நான் ஓட்டுப் போட மாட்டேன். உனக்குத்தான் போடுவேன்” என்று அவன் கை வைத்தான். அவன் நிமிர்ந்தான், அவள் ஒடுங்கினாள். போகும்போது அவன் விசிலடித்துக்கொண்டு போனதாக ஞானப்பூ சொன்னாள்.

ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய் ஞானப்பூ அவளிடம் கேட்டிருக்கிறாள், “ஏன் மக்கா இந்தப் பாடு? வலிக்கலியா?”

“வலிக்காம இருக்குமா அக்கா? இடுப்புல பாதி அந்த வேதியியல் பையன்து, தாடை பெனிட்டா பக்கத்து ரூம்காரிது, யார்யார்து எங்கங்க இருக்குன்னு எனக்கே தெரியுது. ஆனா வியாழக்கிழமை வரைக்குந்தானே? ஓட்டு விழுந்ததும் எல்லாம் அவங்கவங்க வீட்டுக்குப் போயிரும். போகையில நான் தலைவரா இருப்பேன். பிள்ளையளுக்கு வலி திரும்பி வாரப்ப டாக்டர் இருப்பாரு, வண்டி இருக்கும். முத்துமாரிக்கு இருந்திருந்தா…” என்று சொல்லவந்து, வேறு யாருடையதோ பல்வலி வந்து வாயை மூடிக்கொண்டாள்.

அவள் கணக்கு அவ்வளவுதான். அந்த வியாழக்கிழமை வர வேண்டும். அதற்காகத்தான் எல்லாவற்றையும் வாங்கிச் சுமந்தாள்.

அந்த வியாழனுக்கு முந்தின வாரம், மெஸ்ஸில் பூரி போட்ட அன்று, அருள்துரை கையைக் கழுவிக்கொண்டே பொதுவாகக் கேட்டான், “ஏலேய், வியாழக்கிழமை ஓட்டுப் போட்டா என்ன ஆகும்?”

“இசக்கி ஜெயிப்பா. நீ தோப்ப” என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

“அதில்லலே. அவளுக்குப் போட்டா சொன்ன வேலை முடிஞ்சிரும். உன் கணுக்கால் வலி உன் காலுக்கே வந்திரும். எனக்குப் போட்டா சத்தியம் மீறினதாயிரும், அப்பவும் வந்திரும். மனு கொடுத்த அன்னைக்குப் பாத்தோம்லா?”

ஞானப்பூ அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாளாம். அத்தனை பிள்ளைகளும் தங்கள் தங்கள் உடம்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவன் காலை, ஒருத்தி தாடையை, பெனிட்டா அடிவயிற்றை.

“அப்ப என்னண்ணே செய்ய?” என்று ஒருத்தி அழாத குறையாகக் கேட்டாள்.

“நான் என்ன சொல்ல? நம்ம யாரும் சத்தியத்த மீற வேண்டாம், பாவம் அவ தலை. தேர்தல்னு ஒண்ணு நடந்தாத்தானே இந்தச் சங்கடமெல்லாம்.”

மறுநாள் காலையில் அதே பிள்ளைகள், அதே பறையைத் தூக்கிக்கொண்டு, அதே கொடியைப் பிடித்துக்கொண்டு, அதே நிர்வாகக் கட்டடத்தின் படியில் போய் உட்கார்ந்தார்கள். ‘வேண்டாம் வேண்டாம், தேர்தல் வேண்டாம்’ என்று கத்தினார்கள். இரண்டுக்கும் ஒரே தாளம்தான், பறையடிக்கிறவனுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அவர்கள் தொண்டையும் கரகரக்கவில்லை, வெயிலில் தலையும் சுற்றவில்லை, கால் மடக்கி எத்தனை நேரமும் உட்கார முடிந்தது. எல்லாம் புங்கமரத்தடியில் இருந்தது.

இசக்கி எழுந்து நடந்து வந்தாள். கொஞ்ச தூரம்தான், வருவதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. பெனிட்டா பக்கத்தில் போய் நின்றாள்.

“பெனிட்டா, நீயாவது எனக்கு ஓட்டு வேணும்னு சொல்லுட்டி.”

பெனிட்டா அழுதாள். நிஜமாகவே அழுதாள், நல்ல பிள்ளை அவள். “உனக்குத்தான்டி என் ஓட்டு. எப்ப தேர்தல் வந்தாலும் உனக்குத்தான்” என்று சொல்லிவிட்டு, மறுபடி திரும்பிக் கத்தத் தொடங்கினாள்.

“அப்ப நான் பேரை வாபஸ் வாங்கிக்கிறேன்” என்றாள் இசக்கி.

“வாபஸ் வாங்குற தேதி முடிஞ்சு போச்சே, இசக்கி” என்றான் அருள்துரை. ரொம்ப வருத்தமாகத்தான் சொன்னான். அவளை உட்காரவைக்க ஒரு நாற்காலியும் கொண்டுவரச் சொன்னான்.

அப்போது துணைவேந்தர் வெளியே வந்தார். அவருக்கு முதுகுத் தண்டில் வலி, வெகு காலமாக. இடுப்பில் பட்டை கட்டித்தான் நடப்பார், குனிந்து ஒரு காகிதம் எடுக்கமாட்டார். கூட்டத்தைப் பார்த்தார், இசக்கியைப் பார்த்தார், அவளுடைய தேய்ந்த உச்சியைப் பார்த்தார். ஒரு தகப்பன் மாதிரி அவள் கிட்டே வந்து, அவள் குனிவதற்குக்கூடக் காத்திராமல், தலையில் கையை வைத்தார்.

“நீ கவலைப்படாதம்மா. உரிய காலத்தில் தேர்தல் நடத்தப்படும். இது சத்தியம்.”

படித்தவர், பாருங்கள். அடுத்த வாரம் என்று சொல்லியிருந்தால் அடுத்த வாரம் வந்து மாட்டிவிடும். அடுத்த வருஷம் என்றிருந்தால் அடுத்த வருஷம். உரிய காலம் என்பது நிறைவேறவும் செய்யாது, மீறவும் படாது. அவர் கையை எடுத்தார், இடுப்புப் பட்டையை அவிழ்த்து டிரைவரிடம் கொடுத்தார், மாணவர்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறிப் போனார். இசக்கியைத் தூக்கிக்கொண்டுதான் புங்கமரத்தடிக்குப் போக வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. மரத்தடியில் தகரக் கொட்டகை போட்டார்கள், மின்விசிறி மாட்டினார்கள், ‘மாணவர் தலைவர் வேட்பாளர்’ என்று அழகாகப் போர்டு எழுதி வைத்தார்கள். தேர்தலுக்கு வாங்கின ஓட்டுப் பெட்டிகளை வைக்க இடமில்லாமல், ஒடிந்த நாற்காலிகளை வெளியே போட்டுவிட்டு அந்த மருத்துவ அறையில் அடுக்கினார்கள். டாக்டருக்கு ஒதுக்கின பணத்தில் வாசலுக்கு வளைவு கட்டினார்கள். பேராசிரியர்கள் வந்தார்கள், அவர்கள் வீட்டம்மாக்கள் வந்தார்கள். ஓட்டில்லாத வெளியூர்க்காரர்களும் பஸ் பிடித்து வந்தார்கள். என் பேரனை இங்கே சேர்ப்பேன், அவன் உனக்கு ஓட்டுப் போடுவான் என்று அவர்களுக்குத் தோதாக ஒரு சத்தியத்தைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். யாரும் அவளை ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. வருகிறவர்கள் வாழைப்பழம் வைத்துவிட்டுப் போவார்கள். மெல்ல முடியாமல் அவள் அதை ஞானப்பூவிடம் கொடுத்துவிடுவாள்.

செய்தி தெரிந்து செல்லத்தாய் வந்தாள். வரும் வழியெல்லாம் இருமிக்கொண்டே வந்தாள். பீடித்தூள் இறங்கின நெஞ்சு, இருமினால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு விலா வலிக்கும், அப்படி ஓர் இருமல். கொட்டகைக்குள் போனாள். நாற்காலியில் இருந்தது தன் மகள்தான் என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரமாயிற்று. எங்கே தொட்டாலும் வலிக்குமோ என்று பயந்து எங்கும் தொடாமல் நின்றாள்.

“யம்மா” என்றாள் இசக்கி. “என்னையக் கூட்டிட்டுப் போயிரும்மா.”

எந்தத் தாய்க்குத்தான் தாங்கும்? செல்லத்தாய் யோசிக்கவில்லை. நாமெல்லாம் பிள்ளையைத் தேற்றும்போது எதைச் செய்வோமோ அதைத்தான் செய்தாள். அந்தத் தேய்ந்த உச்சியில் கையை வைத்துத் தடவினாள்.

“இந்தா கூட்டிட்டுப் போயிருதேன் மக்கா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருதேன், சத்தியம்.”

இருமல் நின்றது. செல்லத்தாயின் நெஞ்சுக்குள் எத்தனையோ வருஷத்துக்கப்புறம் காற்று தடையில்லாமல் போய் வந்தது. எதிரே மகள் இருமத் தொடங்கினாள், விலா எலும்பு தெரியத் தெரிய இருமினாள்.

செல்லத்தாய் கையை நெருப்பில் பட்ட மாதிரி இழுத்துக்கொண்டாள். “ஐயையோ, நான் இதுக்குச் சொல்லலயே! எந்திரி, எந்திரிட்டி, வா போவோம். வீட்டு வாசப்படி மிதிச்சா எனக்குத் திரும்பிரும்லா? திரும்பட்டும். என் சீக்கு எனக்கு வேணும், எந்திரி” என்று கையைப் பிடித்து இழுத்தாள். வாசலில் நின்ற பிள்ளைகள் யாரும் தடுக்கவில்லை. வழிவிட்டுத்தான் நின்றார்கள். ஒரு பையன் ஆட்டோகூடக் கூப்பிட்டான்.

இசக்கி எழுந்திருக்கவில்லை. இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். இருமல் ஓய்ந்த இடைவெளியில் அம்மாவைப் பார்த்தாள். “மூச்சு நல்லா வருதாம்மா? ஒருவாட்டி இழுத்து விடு, பாப்போம்” என்றாள்.

செல்லத்தாய் அழுதுகொண்டே இழுத்து விட்டாள். சத்தமே இல்லாமல் போய் வந்தது.

“நான் வரல” என்றாள் இசக்கி. “உரிய காலத்துல வாரேன்.”

அன்றிலிருந்து அவள் யாரிடமும் தேர்தல் எப்போது என்று கேட்பதில்லை. செல்லத்தாய் பல்கலைக்கழகத்துக்கு எதிரே ஒரு குடிசை எடுத்துக்கொண்டு பீடி சுற்றுகிறாள், இருமுவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் மகளைப் பார்க்கப் போவாள். போகும்போது இரண்டு கையையும் முந்தானையில் இறுக்கிச் சுற்றி, முடிச்சைப் பல்லால் இழுத்துக் கட்டிக்கொண்டுதான் உள்ளே போவாள். மகள் முன்னால் உட்கார்ந்து பேசுவாள். மகள் இருமும்போது முந்தானைக்குள் விரல்கள் அசையும், அவ்வளவுதான்.

அருள்துரை வக்கீலாகிவிட்டான். பெனிட்டாவுக்குக் கல்யாணமாகி ஒரு பிள்ளை. பிரசவ வலியே தெரியாமல் பெற்றாளாம். முன்கூட்டியே கொட்டகைக்கு வந்து போனாள் என்று ஞானப்பூ சொன்னாள். சொல்லிவிட்டுக் கையிலிருந்த குருத்தோலையைக் கிழித்துக் கிழித்துக் கீழே போட்டாள், மந்திரித்த ஓலையை அப்படிப் போடக்கூடாது என்று அவளுக்கும் தெரியும். நான் குனிந்து பொறுக்கிக்கொண்டேன். அன்றிலிருந்து என் செபமாலையில் ஒரு மணி இசக்கிக்கு.

இப்போது ஆனி மாதம், பிள்ளைகளைச் சேர்க்கிற நேரம். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் அங்கே இடம் கிடைத்திருக்கிறதாம், சந்தோஷம், நன்றாகப் படிக்கட்டும். முதல் வாரத்தில் பெரிய பிள்ளைகள் அன்பாகப் பேசிப் புங்கமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அங்கே போகும்போது பிள்ளையைக் கையைப் பைக்குள் விட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.